பட்பட்டியும் வில்வண்டியும்

தில்லியில் நெடுநாள் வாழ்ந்த தமிழருக்குப் பட்பட்டி என்னும் வாகனத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாந்தினி சௌக்கிலிருந்து கன்னாட் பிளேஸ் வரை, முன்னால் ஒரு பெரிய மோட்டார் சைக்கிளும் பின்னால் ஒரு கூண்டுமாக, ஆறு பேரோ எட்டுப் பேரோ நெருக்கியடித்து அமர்ந்து செல்ல, பட்பட்டென்று தெருவெல்லாம் அதிர ஓடிய வண்டி அது. ஓசையே அதற்குப் பெயராயிற்று. 1998ஆம் ஆண்டில், தலைநகரின் காற்று மாசைக் குறைக்க உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளை ஒட்டி அவ்வண்டிகள் தெருவைவிட்டு நீங்கின. இன்று முப்பது வயதுக்குட்பட்டவர்கள் அதனைப் படங்களில்தான் கண்டிருப்பர்.

எந்தத் தொழிற்சாலையும் இந்த வண்டியை இவ்வடிவில் செய்து விற்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கப் படையினர் இந்நாட்டில் விட்டுச் சென்ற ஹார்லி டேவிட்சன், இந்தியன் ஆகிய மோட்டார் சைக்கிள்கள் டிஸ்போசல் சரக்காக மலிந்த விலைக்கு வந்தன. பிரிவினையை ஒட்டித் தில்லியில் வந்து குடியேறிய பஞ்சாபியர், சிறப்பாகச் சீக்கியர், அவற்றை வாங்கிப் பின்பாதியை அறுத்து, இரண்டு சக்கரங்களும் கூண்டும் பொருத்தி, ஆள் ஏற்றிப் பிழைக்கத் தொடங்கினர். பழைய வண்டியைப் பட்டறையில் பிரித்து, வேறு கமானும் வேறு உடலும் கொடுத்துப் புதிய பயனுக்கு மாற்றும் கலைக்கு இந்நகரில் இதனினும் சிறந்த சான்று கிடையாது. பழைய ஜீப்பையோ, பழைய பிக்கப் வண்டியையோ வாங்கிப் புதுப்பிக்க எண்ணுகிற அன்பர்கள் நம்மவரிலும் உளர். நாமக்கல், திருச்செங்கோடு, கரூர்ப் பக்கத்து லாரிப் பட்டறைகளில் உறவினரை உடையோரும் உளர். அவர்களை மனத்திற்கொண்டே இதனை எழுதுகின்றோம்.

முதலில் அந்த ஹார்லியின் அமைப்பைப் பார்ப்போம். போர்க்காலத்தில் படைக்கென்று செய்யப்பட்ட வகைக்கு டபிள்யூ.எல்.ஏ. என்று பெயர். ஏறத்தாழ 740 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இரட்டைச் சிலிண்டர் இயந்திரம், மூன்று கியர், கியரைக் கையாலும் கிளச்சைக் காலாலும் இயக்க வேண்டும். முன்சக்கரத்திற்குச் சுருள்வில் பூட்டிய கவை உண்டு. பின்சக்கரத்திற்கோ வில்லே கிடையாது! சட்டத்தோடு இறுகப் பூட்டப்பட்டது அது. ஓட்டுபவர் உட்காரும் இருக்கைக்கு அடியில் மட்டும் ஒரு வில் இருந்து அவருடைய இடுப்பைக் காத்தது. ஒருவர் அமரும் வண்டிக்கு இது போதும். அதன் பின்னால் ஆறு பேரை ஏற்ற வேண்டுமானால், இல்லாத வில்லைப் புதிதாக உண்டாக்கியே தீரவேண்டும். பட்பட்டியைச் செய்தவர்களின் உண்மையான வேலை இங்கேதான் தொடங்கியது.

வில் என்பது நமக்குப் புதிய சங்கதியன்று. மாட்டு வண்டிகளுள் பாரவண்டி வேறு, வில்வண்டி வேறு. பாரவண்டியின் பாரம் இருசின்மேல் நேரே அமரும். சக்கரம் கல்லில் ஏறினால் வண்டியிலிருப்பவரும் ஏறி இறங்குவார். வில்வண்டியிலோ இருசுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் உண்டு. வசதி படைத்தோரின் வாகனமாகவே அது கருதப்பட்டது. திருவிதாங்கூரில் 1893ஆம் ஆண்டில் அய்யங்காளி, தம் மக்களுக்கு விலக்கப்பட்டிருந்த பொதுச் சாலையில் வில்வண்டியேறிச் சென்றார். அவ்வண்டியைத் தேர்ந்ததன் பொருள் கண்டவர் அனைவருக்கும் விளங்கியிருக்கும்.

இந்தப் பட்டை வில்லையே தமிழ்நாட்டு லாரிக்காரர் கமான் என்பர். தில்லிப் பட்டறையில் கமானி என்றால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். பாரசீகத்தில் கமான் என்றால் வில். நம் ஊரில் கட்டட வளைவுக்கும் அப்பெயர் உண்டு. நிஜாமுத்தீன் அருகே ஜஹாங்கீர் காலத்தில் கட்டப்பட்ட பாராபுல்லா பாலத்தில் அத்தகைய கமான்கள் பதினொன்றைக் காணலாம். வளைவு பாரத்தைத் தாங்கும் என்பதைக் கொத்தனாரும் கொல்லரும் தத்தம் வழியில் கண்டுகொண்டனர்.

கமானின் இயல்பைச் சிறிது கணக்கோடு அறிந்துகொள்வது நல்லது. ஒரு பட்டையின் கனத்தை இருமடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். நீளத்தை இருமடங்காக்கினாலோ விறைப்பு எட்டில் ஒன்றாகக் குறையும். அகலத்தைக் கூட்டினால் கூட்டிய அளவுக்கே கூடும். ஆகவேதான் ஒரே தடித்த பட்டையை வைக்காமல், மெல்லிய பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றனர். மெல்லிய பட்டை முறியாமல் நன்றாக வளையும். பல சேர்ந்தால் பாரத்தையும் தாங்கும். அன்றியும், அடுக்கிய பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் வண்டியின் துள்ளல் விரைவில் அடங்குகிறது. பழைய வண்டிகளில் ஷாக் அப்சார்பர் செய்யும் வேலையில் பாதியை இந்த உராய்வே செய்தது. பட்டைகளுக்கிடையே துருவேறி அடுக்கு முழுவதும் ஒரே கட்டையாகிவிட்டால், கமான் இருந்தும் இல்லாததற்குச் சமம். பழைய வண்டியை வாங்குவோர் புதிய கமான் தேடுமுன், இருப்பதைக் கழற்றித் துருவைச் சுரண்டி, கிராபைட் கலந்த கிரீஸ் தடவிப் பார்ப்பது சிக்கனம்.

இனி, வண்டி ஏன் காலியாகச் செல்லும்போது அதிகமாகக் குதிக்கிறது என்னும் கேள்வி. லாரியின் பின்புறம் ஏறிப் பிரயாணம் செய்த எவரும் இதை உடலால் உணர்ந்திருப்பர். கமான் பாரத்தால் எவ்வளவு தாழ்கிறதோ, அதைப் பொறுத்தே அது நிமிடத்துக்கு எத்தனை முறை ஆடும் என்பது அமையும். ஒரு பிக்கப் வண்டியின் பின்கமான்கள்மேல் சரக்கோடு 1400 கிலோ அமர்கிறது என்றும், அதனால் கமான் 14 சென்டிமீட்டர் தாழ்கிறது என்றும் கொள்வோம். அப்போது அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 முறை ஆடும். நாம் மெதுவாக நடக்கும் தாளம் அது, உடலுக்கு இதமாயிருக்கும். சரக்கை இறக்கிவிட்டால் மீதி 400 கிலோதான். கமான் 4 சென்டிமீட்டரே தாழும். ஆட்டம் நிமிடத்துக்கு 150 ஆகிவிடும். குடல் குலுங்குகிறது. இதற்குப் பரிகாரமாக இளகிய கமானைப் போட்டால் காலி வண்டி இதமாக ஓடும்; சரக்கேற்றியதும் பின்புறம் தரையைத் தொடும். தொழிற்சாலைக்காரர் இதற்கு ஒரு வழி கண்டனர். பிரதான அடுக்குக்கு மேலே ஒரு துணைக் கமானை வைத்து, பாரம் ஏறிய பிறகே அது தன் தாங்கியைத் தொட்டு வேலையில் சேரும்படி செய்தனர். பட்டறையில் கமானை மாற்றுவோர் பலர் இந்தத் துணைக் கமானை வேண்டாத இரும்பென்று கழற்றி எறிந்துவிடுகின்றனர். அது கூடாது.

பட்பட்டிக்காரருக்கு வேறு சில இடர்களும் இருந்தன. ஒரு சக்கரம் இருந்த இடத்தில் இரண்டு சக்கரங்களை ஒரே இருசில் கோத்துவிட்டால், திரும்பும்போது என்னவாகும்? சக்கரங்களுக்கிடையே 1.2 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், ஒரு தெருமுனையில் செங்கோணமாகத் திரும்பி முடிப்பதற்குள் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 1.9 மீட்டர் அதிகம் உருள வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருந்தால் டயர் தேயும், அல்லது வண்டி திரும்ப மறுக்கும். ஆகையால் டிஃபெரன்ஷியல் வேண்டும். இல்லையேல் ஒரு சக்கரத்தை மட்டும் இயக்கி மற்றதைச் சும்மா உருளவிட வேண்டும். இயந்திரத்திலிருந்து இருசுக்குச் சக்தி சங்கிலி வழியே வருமானால், கமான் வளைந்து இருசு மேலும் கீழும் போகையில் சங்கிலி தளரவும் இறுகவும் செய்யும். கமானின் முன்கண், சங்கிலி புறப்படும் பல்சக்கரத்துக்கு அருகில் அமைந்தால்தான் இருசு அதனைச் சுற்றி வட்டமாக ஆடும். சங்கிலியின் நீளமும் பெரிதும் மாறாது. கமான் என்பது வெறும் மெத்தையன்று. இருசு எங்கே இருக்க வேண்டுமென்று பிடித்து நிறுத்தும் கையும் அதுவே. அதன் முன்கண் வண்டியைத் தள்ளும் விசையையும் பிரேக்கின் இழுப்பையும் ஏற்கிறது. பின்கண் ஷாக்கிளில் தொங்குகிறது. பட்டை நிமிரும்போது நீளும் அல்லவா, அந்த நீட்சிக்கு இடங்கொடுக்கவே ஷாக்கிள். இரு கண்களையும் இறுக்கி வைத்த புதுப் பட்டறைக்காரரின் வண்டியில் கமான் முறிவது நிச்சயம்.

கூண்டை எங்கே வைப்பது என்பதும் எளிய கேள்வியன்று. பிரயாணிகளின் பாரம் பின் இருசுக்கு அப்பால் விழுந்தால் முன்சக்கரம் இலேசாகி, கைப்பிடி சொன்னபடி கேளாது. இருசுக்கு வெகு முன்னால் விழுந்தால் மூன்று சக்கர வண்டி வளைவில் சாயும். பாரம் இருசுக்குச் சற்று முன்னே, கூடியவரை தாழ்வாக அமைய வேண்டும். காகிதத்தில் வரைந்து பார்த்தா, ஓட்டிப் பார்த்துத் திருத்தியா, எவ்வழியில் செய்திருந்தாலும் அவ்வண்டிகள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடின என்பதே அவர்கள் கணக்கு தவறவில்லை என்பதற்கு அத்தாட்சி. ஹார்லி கம்பெனியே 1932 முதல் 1973 வரை, இதே 45 கன அங்குல அளவுள்ள இயந்திரத்தை வைத்துச் சர்விகார் என்னும் மூன்று சக்கர வண்டியைச் செய்து வந்தது. அமெரிக்க நகரங்களில் போலீஸார் அதனைப் பெரிதும் பயன்படுத்தினர். தொழிற்சாலை வரைபடத்தோடு செய்ததைத் தில்லித் தெருவோரத்தில் உலையும் சுத்தியலும் கொண்டு செய்தனர் என்று சொல்லலாம். பின்னாளில் உதிரிப் பாகங்கள் அரிதாயின. இந்தியன் கம்பெனியின் தொழிற்சாலை 1953இல் மூடப்பட்டது. பெட்ரோல் இயந்திரத்தை எடுத்துவிட்டு டீசல் இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டவர் பலர். ஓசை வேறானாலும் பெயர் மாறவில்லை.

இனிப் பழைய பிக்கப்பையோ ஜீப்பையோ வீட்டுக் கொல்லையில் வைத்துப் புதுப்பிக்க முனைவோர்க்குச் சட்டத்தைப்பற்றிச் சில சொற்கள். சட்டம் என்று ஈண்டு நாம் குறிப்பது சேஸிஸ் இரும்பை. மற்றச் சட்டத்துக்குப் பிறகு வருவோம். சேஸிஸின் இரு நீள உத்தரங்களும் பெரும்பாலும் பகரவடிவை ஒருக்களித்து வைத்தாற்போன்ற வளைவுடையவை. இரு இருசுகளுக்கு நடுவே பாரம் அமரும்போது மேல்விளிம்பு நெருக்குண்ணும், கீழ்விளிம்பு இழுபடும். நடுப்பகுதியில் அழுத்தம் சொற்பம். எனவே துளையிட வேண்டுமானால் நடுப்பகுதியில்தான் இடவேண்டும். விளிம்புகளில் துரப்பணத்தையோ வெல்டிங்கையோ கொண்டுபோகலாகாது. துரு தின்ற இடத்துக்குப் பக்கத்தகடு வைத்துப் பற்றவைப்பதானால், தகட்டின் முனையைச் சதுரமாக வெட்டாமல் சாய்வாகச் சீவி வைக்க வேண்டும். சதுர முனையில் விறைப்பு திடீரென மாறுவதால் அங்கேயே விரிசல் காணும். தடித்த தகட்டை வைத்தால் பலம் என்று எண்ணுவது பலருடைய வழக்கம். தகடு முறியாது, அதற்கு அடுத்த அங்குலத்தில் சேஸிஸ் முறியும்.

கமான் பட்டையை எக்காரணத்தாலும் பற்றவைக்கலாகாது. அது சிலிக்கனும் மாங்கனீசும் கலந்த எஃகு. ஏறத்தாழ 850 டிகிரி வரை காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி 450 முதல் 500 டிகிரி வரை காய்ச்சிப் பதமேற்றியது. வெல்டிங் தீ பட்ட இடத்தில் அந்தப் பதம் கெட்டு, ஓரிடம் கண்ணாடிபோல் உடையும், அடுத்த இடம் ஈயம்போல் வளையும். வண்டியை உயர்த்திக் காட்டுவதற்காகக் கமானுக்கும் இருசுக்கும் நடுவே கட்டை வைப்போர் உண்டு. வண்டியின் பாரமையம் உயர்ந்தால் வளைவில் கவிழும் ஆபத்தும் உயரும் என்பதோடு, கார்டன் தண்டின் கோணம் மாறி அதன் மூட்டுகளும் தேயும். பெட்ரோல் தொட்டியைப் பற்றவைப்பதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். காலியான தொட்டியில் எண்ணெய் இல்லை, ஆவி உண்டு. நிறைந்த தொட்டியைவிட அதுவே கொடியது. பற்றவைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பியே பழைய கைவினைஞர் அதனைத் தொடுவர். தெரிந்தவரிடம் கொடுப்பது அதனினும் உத்தமம்.

இப்போது மற்றச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென்று 2021இல் மத்திய அரசு தனி விதி வகுத்தது. 20,000 ரூபாய் கட்டிப் பத்தாண்டுக்குப் பதிவு பெறலாம், 5,000 ரூபாயில் புதுப்பிக்கலாம். ஆனால் அது இருசக்கர வண்டிக்கும் பயணிகள் செல்லும் நாற்சக்கர வண்டிக்கும் வகுக்கப்பட்டது. சேஸிஸோ உடலோ இயந்திரமோ பெரிதாக மாற்றப்படாமல் ஆதி உருவிலேயே இருத்தல் வேண்டும். வாணிகத்துக்கும் அன்றாட ஓட்டத்துக்கும் உதவாது. அறுத்து ஒட்டிய பட்பட்டிக்கு அதில் இடமில்லை என்பது வெளிப்படை. சரக்கு பிக்கப்பும் அந்த வகைக்குள் வரக் காணோம். தில்லியிலோ பத்தாண்டு கடந்த டீசல் வண்டிக்கும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. 2025இல் இத்தடை குறித்து இடைக்கால உத்தரவுகள் பிறந்து நிலைமை மாறியிருக்கிறது. பணத்தை இறக்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் அன்றைய நிலையைக் கேட்டறிவதே அறிவுடைமை. அங்கீகாரம் பெற்ற மின்சாரச் சாதனத்தைப் பொருத்தி டீசல் வண்டியை மாற்றிக்கொள்ளத் தில்லி அரசு 2021 முதல் இடமளித்துள்ளது, செலவு சிறிதன்று.

கைத்திறன் ஒரு கரையிலும் காகிதம் மறுகரையிலும் நிற்பதைத் தில்லித் தமிழர் வண்டியில் மட்டும் காணவில்லை. மேலே சொன்ன பாராபுல்லா பாலத்தை அடுத்து, ஜங்புரா எல்லையில் வடிகாலின் கரையோரம் மதராசி கேம்ப் இருந்தது. ஜங்புராவிலும் அக்கம் பக்கத்திலும் வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்த தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக, கையில் கிடைத்த செங்கல்லும் தகரமும் கொண்டு தாமே எழுப்பிய வீடுகள் அவை. வடிகாலை மழைக்கு முன் தூர்வார வேண்டுமென்று 2025 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஜூன் 1ஆம் நாள் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகளில் 189 மட்டுமே மாற்றுக் குடியிருப்புக்கு உரியவை எனக் கணக்காயிற்று. அவையும் நகரின் வடகோடியில் நரேலாவில். உரிய ஆண்டுகளின் வாக்காளர் பட்டியல் முதலிய ஆவணங்களே தகுதியை நிர்ணயித்தன. சுவரின் உறுதியை எவரும் அளந்து பார்க்கவில்லை. வடிகால் அடைபட்டால் வெள்ளம் வரும் என்பதையும், பட்பட்டியின் புகை நுரையீரலுக்கு ஆகாது என்பதையும் நாம் மறுக்கவில்லை. எனினும், பட்பட்டிக்காரரிடம் பெர்மிட் என்றொரு சீட்டு இருந்தது. அதனால் வண்டி போன பின்னரும் பட்பட் சேவை என்ற பெயரிலேயே வேறு வண்டிகளை வைத்து அவர்களிற் சிலர் தொழிலைத் தொடர முடிந்தது.

ஆகவே பழைய பிக்கப் ஒன்றை விலைபேசும்போது இயந்திரத்தின் ஓசையைக் கேட்பதற்கு முன்னால் பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள். அதிலுள்ள சேஸிஸ் எண் வண்டியின் நீள உத்தரத்தில் எங்கோ பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு அருகில், சேறும் எண்ணெயும் படிந்து மறைந்திருக்கும் இடத்தில் அது இருக்கும். மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் கொண்டு மெதுவாகத் துடைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சாணைக் கல்லால் தேய்க்கலாகாது, எண்ணே அழிந்துவிடும். துரு தின்ற துண்டை வெட்டுவதானாலும், அந்த எண் வெட்டப்படும் துண்டில் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே வெல்டரை அழையுங்கள்.